ஒற்றை வாயில்: பிற்ஸ்பேர்க் தொலைக்காட்சி நிலையமும் அதன் சார்பு மாற்றங்களும்

பேரரசுகளின் வீழ்ச்சிக்குப் போர்க்களங்களையே காரணமாகக் காட்டுதல் வழக்கம். ஆயின், ஒரு துறைமுகம் கைமாறியதனால் வலியிழந்த வல்லரசுகளும் உள. வணிக நிறுவனங்களின் வரலாற்றிலும் இத்தகைய துறைமுகங்களைக் காணலாம். ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உருக்குத் தொழிலாற் புகழ்பெற்ற பிற்ஸ்பேர்க் நகரில், 1949-இல் தோன்றிய தொலைக்காட்சி நிலையம் அவற்றுள் ஒன்று. அதனை உடைமையாகக் கொண்டிருந்த டூமொண்ட் வலையமைப்பு, அதனை விற்ற பின்னர் இரண்டாண்டுகள்தாமும் நிலைத்திலது. அஃது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் அமைப்பினை முதற்கண் அறிதல் வேண்டும். ஆங்கு வலையமைப்பு என்பது நிகழ்ச்சிகளை ஆக்கி, விளம்பரகாரரிடம் பொருள் பெற்று, பல நகரங்களுக்கும் அனுப்புவது. நிலையம் என்பது ஒரு நகரில் கோபுரம் எழுப்பி, அரசின் அனுமதியோடு ஓர் அலைவரிசையில் ஒளிபரப்புவது. வலையமைப்பு சில நிலையங்களையே தன் உடைமையாக வைத்திருக்கும். ஏனையவற்றோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும். அவ்வாறு ஒப்பந்தத்தால் இணைந்தவற்றைச் சார்பு நிலையங்கள் என்பர். ஆதலின், எத்துணைச் சிறந்த நிகழ்ச்சியாயினும், அதனை ஏற்று ஒளிபரப்பும் நிலையம் இல்லாத நகரில் அஃது இல்லாததற்கே ஒப்பாகும்.

அலன் டூமொண்ட் என்பார் அடிப்படையில் ஒரு பொறியியலாளர். குறுகிய காலத்திற் பழுதுற்ற கதோட்டுக் கதிர்க் குழாய்களை நெடுநாள் உழைக்குமாறு திருத்தியமைத்தவர். அவரது கம்பனி தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்தது. 1944-இல் நியூயோர்க்கில் வணிக நிலையம் ஒன்றை நடத்தத் தொடங்கியது. 1946-இல் அதனை வாஷிங்ரன் நிலையத்தோடு இணைத்து வலையமைப்புக்கு வித்திட்டது. அவரோடு போட்டியிட்ட என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. ஆகிய மூன்றும் வானொலியில் வேரூன்றியவை. வானொலியின் வருவாய் அவற்றைத் தாங்கியது; வானொலியோடு பழகிய நிலையங்கள் அவற்றின் பக்கம் நின்றன. டூமொண்டுக்கு இவ்விரு துணையும் இல்லை.

இந்நிலையில், 1949 சனவரி 11-இல், டூமொண்டின் மூன்றாவது நிலையமாக டபிள்யூ.டி.ரி.வி. பிற்ஸ்பேர்க்கில் ஒளிபரப்பைத் தொடங்கியது. கிழக்குக் கரையோர நகரங்களையும் நடுமேற்கு நகரங்களையும் இணைத்த ஓரச்சு வடம் தொலைக்காட்சிக்குத் திறக்கப்பட்ட நாளும் அதுவே. ஆயினும், நிலையத்தின் சிறப்புக்கு உண்மைக் காரணம் சில மாதங்களுக்கு முன்னரே விளைந்திருந்தது. அருகருகே அமைந்த நிலையங்களின் அலைகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பின. அதனால், 1948 செப்ரெம்பர் 30-இல் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு புதிய நிலையங்களுக்கு அனுமதி வழங்குதலை நிறுத்தி வைத்தது. சில மாதங்களுக்கென எண்ணப்பட்ட அத்தடை 1952 ஏப்ரில் வரை நீடித்தது. முன்னரே அனுமதி பெற்றிருந்த டபிள்யூ.டி.ரி.வி., நாட்டின் பெருநகரங்களுள் ஒன்றில் தனியொரு நிலையமாக நின்றது.

அவ்வொற்றை வாயிலின் திறவுகோல் டூமொண்டின் கையில் இருந்தது. நான்கு வலையமைப்புகளின் நிகழ்ச்சிகளும் அதன் வழியாகவே பிற்ஸ்பேர்க் மக்களை அடைதல் வேண்டும். உருக்கும் நிலக்கரியும் நிறைந்த அந்நகரின் சந்தையை எந்த விளம்பரகாரரும் இழக்க ஒருப்படார். எனவே, இங்கு ஏனையோர்க்கு இடமளிப்பதற்கு ஈடாக, ஒரே நிலையம் உடைய பிற நகரங்களில் தன் நிகழ்ச்சிகளுக்கு இடம் பெறுதல் டூமொண்டுக்கு இயல்வதாயிற்று. நிலையமோ நகரின் வாழ்வோடும் ஒன்றியது. நள்ளிரவில் வேலை முடிந்து வீடு திரும்பும் உருக்காலைத் தொழிலாளர்க்கென விடியும்வரை திரைப்படங்களைக் காட்டியது.

1952-இல் தடை நீங்கியது. அவ்வாண்டு நவம்பரில் நிலையம் 3ஆம் அலைவரிசையினின்று 2ஆம் அலைவரிசைக்கு மாறியது. ஆயின், தடை நீங்கியமை டூமொண்டுக்கு நன்மையாக முடிந்திலது. ஒருவர் ஐந்து நிலையங்களுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது என்பது ஆணைக்குழுவின் விதி. டூமொண்ட் கம்பனியில் 1938 முதற் பங்கு கொண்டிருந்த பரமவுண்ட் திரைப்பட நிறுவனத்தின் சார்பில் லொஸ் ஏஞ்சல்சிலும் சிக்காகோவிலும் நிலையங்கள் இருந்தன. அவ்விரண்டையும் டூமொண்டின் கணக்கிலேயே ஆணைக்குழு சேர்த்தது. தன் மூன்றுக்கு மேல் அதனால் ஒன்றேனும் பெற முடியவில்லை. புதிதாக வகுக்கப்பட்ட உயர் மீடிறன் அலைவரிசைகளில் எழுந்த நிலையங்களை நம்பலாம் எனின், அக்காலத்துப் பெட்டிகளுட் பெரும்பாலானவை தனிக்கருவி பொருத்தாமல் அவற்றை ஏற்கமாட்டா. அப்பெட்டிகள் எல்லா அலைவரிசைகளையும் ஏற்குமாறு செய்யப்படல் வேண்டும் என்னும் சட்டம் 1962-இலேயே வந்தது. இதற்கிடையில், 1953-இல் ஏ.பி.சி. ஒரு திரையரங்கு நிறுவனத்தோடு இணைந்து பெரும்பொருள் பெற்றது. டூமொண்டிற் புகழீட்டிய நகைச்சுவை நடிகர் ஜாக்கி கிளீசனும் 1952-இல் சி.பி.எஸ்.ஸுக்குச் சென்றுவிட்டார்.

பொருள் முட்டுப்பாடு மிகவே, டூமொண்ட் தன் மூன்று நிலையங்களுள் ஊதியம் மிக்கதாகிய பிற்ஸ்பேர்க் நிலையத்தை விற்றது. வாங்கியது அந்நகரையே தாயகமாகக் கொண்ட வெஸ்ரிங்கவுஸ் மின்பொருட் கம்பனி. விலை 97 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். 1920 நவம்பர் 2-இல் சனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பிப் புகழ்பெற்ற கே.டி.கே.ஏ. வானொலியும் அக்கம்பனியினதே. 1955 சனவரி 31-இல் தொலைக்காட்சி நிலையமும் அப்பெயரையே சூடியது. வானொலியில் என்.பி.சி.யோடு நெடுநாள் இணைந்திருந்த வெஸ்ரிங்கவுஸ், தொலைக்காட்சியிற் சி.பி.எஸ்.ஸையே முதன்மைச் சார்பாகக் கொண்டமை கருதத்தக்கது.

விற்ற பொருள் டூமொண்டைச் சில மாதங்களே தாங்கியது. திறவுகோல் கையில் இல்லாத போது பிற நகரங்களில் இடம் கேட்டுப் பெறும் வலியும் ஒழிந்தது. 1955-இல் நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 1956 ஓகஸ்ற் 6-இல் ஒளிபரப்பான குத்துச்சண்டை நிகழ்ச்சியோடு வலையமைப்பு முடிவுற்றது. பிற்ஸ்பேர்க்கில், 1957-இல் எழுந்த 11ஆம் அலைவரிசை நிலையம் என்.பி.சி.யையும், 1958-இல் எழுந்த 4ஆம் அலைவரிசை நிலையம் ஏ.பி.சி.யையும் சார்ந்தன. நால்வர்க்கும் பொதுவாயிருந்த வாயில், அதன்பின் சி.பி.எஸ். ஒன்றற்கே உரியதாயிற்று.

டூமொண்டின் வீழ்ச்சிக்கு அதன் நிகழ்ச்சிகளின் வறுமையே காரணம் என்பாரும் உளர். அது பொருந்துவதன்று. ஆயர் ஃபுல்ற்றன் ஷீனின் சமயச் சொற்பொழிவைப் பெருந்திரளான மக்கள் காணச் செய்ததும், கிளீசனைப் புகழுறச் செய்ததும் அவ்வலையமைப்பே. நிலையத்தை விற்றமைதான் காரணம் எனின், அதுவும் அரையுண்மையே. விற்கவேண்டிய நிலை அதற்கு முன்னரே நேர்ந்திருந்தது. தடை, அந்நகரில் டூமொண்டுக்குத் தனியாட்சி அளித்தது. தடைக்குப் பின் வந்த அலைவரிசைப் பங்கீடோ, நான்காவது வலையமைப்புக்குப் போதிய நிலையங்கள் பெருநகரங்களில் இல்லாதவாறு செய்தது. தடையால் வந்த செல்வத்தை உரிய நிலைபேறு என மயங்கவும் இடமுண்டாயிற்று. சட்டம் தந்த ஆக்கத்தைச் சட்டமே வாங்கிக்கொண்டது என்பதே பொருத்தமான முடிபாகும்.

இவ்வரலாற்றுக்குப் பிற்சேர்க்கை ஒன்றும் உண்டு. 1994-இல் வெஸ்ரிங்கவுஸும் சி.பி.எஸ்.ஸும் செய்த உடன்படிக்கையின்படி, அக்கம்பனியின் பொஸ்ரன், பிலடெல்பியா, பால்ரிமோர் நிலையங்களும் 1995-இற் பிற வலையமைப்புகளை விட்டுச் சி.பி.எஸ்.ஸைச் சார்ந்தன. அதே ஆண்டில் வெஸ்ரிங்கவுஸ் 540 கோடி டொலருக்குச் சி.பி.எஸ்.ஸையே விலைக்கு வாங்கியது. நாற்பதாண்டு சார்பு நிலையமாயிருந்த கே.டி.கே.ஏ. இவ்வாறு வலையமைப்பின் சொந்த நிலையமாயிற்று. பின்னர்ப் பல கைமாற்றங்களின் வழியே, சி.பி.எஸ்.ஸை உள்ளடக்கிய தாய்க் கம்பனி 2022-இற் பரமவுண்ட் என்னும் பெயரை ஏற்றது. எந்தப் பெயருடைய நிறுவனத்தின் பங்கு டூமொண்டை மூன்று நிலையங்களோடு நிறுத்தியதோ, அந்தப் பெயரின் கீழேயே டூமொண்ட் எழுப்பிய நிலையமும் வந்து சேர்ந்தது.