வாரம், வேளை, ஆய்வகம்: ஓசூர் எல்லையில் கருவுற்றோரின் ஹார்மோன் அளவீடு

1. கேள்வி

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாள் தள்ளிப்போனதும் மருந்துக்கடைக் கார்டில் பார்க்கிறாள். முதல் ரத்தப் பரிசோதனை ஓசூரில். அடுத்தது கணவர் வேலை பார்க்கும் அத்திப்பள்ளியில். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனபின் மூன்றாவது கிருஷ்ணகிரியில். மூன்று தாளும் ஒரே ஃபைலில் கிடக்கும். அவற்றின் எண்களை அருகருகே வைத்துக் கூடியது, குறைந்தது என்று சொல்லலாமா? பெரும்பாலும் கூடாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. எச்.சி.ஜி.

கார்டு எண் சொல்லாது. கோடு விழுந்ததா இல்லையா என்பதோடு அதன் வேலை முடிந்தது. பல கார்டுகள் ஒரு மில்லிலிட்டருக்கு 25 மில்லி அலகு அளவில் கோடு காட்டத் தொடங்கும். எண் வேண்டுமானால் ரத்தம் எடுக்க வேண்டும். கார்டு தேடும் கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி.யின் ஆல்பா பகுதி, கருமுட்டையை வெளிவிடத் தூண்டும் எல்.எச்.சுக்கும் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்.சுக்கும் பொதுவானது. அதனால் பழைய சோதனைகள் எச்.சி.ஜி.யை எல்.எச்.சோடு குழப்பிக்கொண்டன. 1972இல் அமெரிக்காவில் வைடுகைடிஸ் குழுவினர் பீட்டா பகுதியைக் குறிவைத்த சோதனையை வெளியிட்ட பிறகே அக்குழப்பம் தீர்ந்தது. தாளில் ‘பீட்டா எச்.சி.ஜி.’ என்று அச்சாவதன் காரணம் இதுதான்.

தொடக்க வாரங்களில் ஒற்றை எண்ணைவிட ஏற்றமே முக்கியம். முதல் அளவு 1,500க்குக் கீழே இருந்தால், கருப்பையில் ஒழுங்காக வளரும் கருவில் 48 மணி நேரத்தில் குறைந்தது 49 சதவீதம் ஏற வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் 2018ஆம் ஆண்டுக் கணக்கு. ரத்தத்தில் எச்.சி.ஜி. ஒரே வடிவில் இருப்பதில்லை. முழு மூலக்கூறும் உண்டு, உடைந்த துண்டுகளும் உண்டு. ஒவ்வொரு சோதனைக் கிட்டின் ஆன்டிபாடியும் இவற்றை வெவ்வேறு அளவில் பிடிக்கும். முதல் ரத்தத்தை ஓசூரிலும் இரண்டாவதை எல்லை தாண்டியும் கொடுத்தால், கிட் மாறிய வேறுபாடு கருவின் ஏற்றமாகவோ இறக்கமாகவோ தோன்றிவிடும். கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்ற சந்தேகத்தில் இந்தத் தவறு ஆபத்தானது.

3. டி.எஸ்.எச்.: வாரமும் வேளையும்

பத்தாம் வாரத்தை ஒட்டி எச்.சி.ஜி. உச்சிக்குப் போகும். பொதுவான ஆல்பா பகுதி இருப்பதால் அதுவே தைராய்டைச் சற்றுத் தூண்டும், டி.எஸ்.எச். இறங்கும். ஆகவே கடைசியாகத் தலைக்கு ஊற்றிய நாள் தெரியாமல் இந்த எண்ணைப் படிக்க முடியாது. முதல் மூன்று மாதத்துக்கு 2.5தான் மேல்வரம்பு என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2011இல் சொன்னது. 2017இல், அந்தந்த மக்களுக்குரிய வரம்பே முதன்மை, அது இல்லையென்றால் ஏறத்தாழ 4 என்று திருத்தியது. ஒன்பதாம் வாரத்தில் 3.2 காட்டியவர் பழைய கணக்கில் நோயாளி. புதிய கணக்கில், தைராய்டு எதிர்ப்பு ஆன்டிபாடி இல்லையென்றால், இயல்பானவர்.

ஓசூருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். டி.எஸ்.எச். நள்ளிரவுக்குப் பின் உச்சத்திலும் பிற்பகலில் தாழ்ந்தும் இருக்கும். உறங்காத இரவில் அது மேலும் கூடும். கருவுற்ற செய்தியை யாரிடமும் சொல்லாத முதல் வாரங்களில் சிப்காட் வேலையின் நைட் ஷிப்ட் தொடரும். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் கொடுத்த ரத்தமும், வார விடுமுறையில் நன்றாகத் தூங்கி எழுந்து பிற்பகலில் கொடுத்ததும் ஒன்றல்ல. ரத்தம் எடுத்த நேரம் தாளில் இருந்தாலும் அதைப் பார்ப்பவர் குறைவு. முடி கொட்டுகிறதென்று விழுங்கும் பயோட்டின் மாத்திரையும் சில கிட்டுகளில் டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனான டி4ஐக் கூட்டியும் காட்டும். மாத்திரைதானே என்று யாரும் அதை டாக்டரிடம் சொல்வதில்லை.

4. அளக்காமல் மதிப்பிடுதல்

நஞ்சுக்கொடி சுரக்கும் லாக்டோஜன் முதலிய ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்துகின்றன. அவற்றை வழக்கமாக யாரும் அளப்பதில்லை. அவை செய்யும் வேலையைச் சர்க்கரையில் பார்க்கிறோம். சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. மத்திய சுகாதார அமைச்சின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதை ஏற்றது. வெறும் வயிற்றில் மட்டும் சர்க்கரை கூடியிருப்போரை இது தவறவிடக்கூடும் என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவரை, நாளைக்கு வெறும் வயிற்றோடு வா என்று அனுப்பினால் அவர் திரும்பி வருவார் என்று எந்த வழிகாட்டுதலும் உறுதி தர முடியாது.

முதல் முறை பார்த்தது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். குளுக்கோஸ் குடித்த 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய கணக்கு செல்லாது. மறுநாள் அதே பஸ்தான்.