டார்ட்டன் கட்டங்களும் குலப்பெயரும்

ஸ்காட்லாந்தில் கல்யாணத்துக்கென்று கில்ட் என்னும் ஆண்களின் மடிப்புப் பாவாடையைத் தைக்கக் கொடுப்பவர் துணியின் தரத்தையோ விலையையோ பார்ப்பதற்கு முன், தன் குடும்பப் பெயருக்கு உரிய டார்ட்டன், அதாவது வண்ணக் கட்டத் துணி, எது என்றுதான் தேடுகிறார். மெக்ரெகர் என்றால் சிவப்பும் பச்சையும், காம்பெல் என்றால் கரும்பச்சையும் நீலமும் என்று பெயருக்குப் பெயர் கட்டம் வகுத்துவைத்த புத்தகங்கள் இருக்கின்றன. தன் மூதாதையர் இதே கட்டத்தை உடுத்திக்கொண்டுதான் போர்க்களம் போனார்கள் என்ற நம்பிக்கை அந்தத் தேடலுக்குப் பின்னால் இருக்கிறது. கிடைக்கிற சான்றுகள் அந்த நம்பிக்கையை ஆதரிக்கவில்லை. குலத்துக்கு ஒரு கட்டம் என்ற ஏற்பாடு பெரும்பாலும் 1815க்கும் 1842க்கும் இடைப்பட்ட காலத்தில் உருவானது. அப்போதும் அது பரம்பரையாக வந்துசேரவில்லை, குலத்தலைவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஒரு காரணத்தால் இன்று ஒருவர் தேடி எடுக்கும் கட்டத்துக்கு அர்த்தம் குறைந்துவிடாது என்பது என் கருத்து.

துணி பழையது என்பதில் சந்தேகமே இல்லை. ஃபால்கர்க் அருகே ரோமானிய நாணயங்கள் நிறைந்த ஒரு பானையில் கிடைத்த கட்டம்போட்ட கம்பளித் துண்டு, கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாயம் ஏற்றாமல், ஆட்டு ரோமத்தின் இயல்பான இரண்டு நிறங்களை மட்டும் வைத்து நெய்தது அது. கிளென் அஃப்ரிக் சதுப்பில் கிடைத்த பல வண்ணத் துண்டு ஏறத்தாழ 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது என்று 2023இல் வெளியான ஆய்வு முடிவு சொன்னது. டார்ட்டனின் நெசவு இலக்கணம் எளிமையானது: பாவில் எந்த வரிசையில் வண்ண இழைகள் ஓடுகின்றனவோ அதே வரிசை ஊடையிலும் வரும். ஒரே நிறம் தன்னைத் தானே சந்திக்கும் இடத்தில் அடர்த்தியாகவும், இரண்டு நிறங்கள் குறுக்கிடும் இடத்தில் கலந்தும் தெரியும். மூன்று நிற நூல் ஆறு சாயல்களைத் தரும்; ஆறு நிற நூல் இருபத்தொன்றைத் தரும். இவ்வளவு குறைந்த பொருளிலிருந்து இவ்வளவு வேறுபாடுகளைப் பிறப்பிக்கும் நெசவுமுறை, பிற்காலத்தில் பெயர்களைச் சுமப்பதற்குப் பொருத்தமாக அமைந்ததில் வியப்பில்லை.

பழைய காலத்திலேயே கட்டத்தைப் பார்த்து ஆளை அறிய முடிந்தது என்பவர்கள் மார்ட்டின் மார்ட்டினைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ஸ்கை தீவுக்காரரான அவர் மேற்குத் தீவுகளைப் பற்றி 1703இல் வெளியிட்ட நூலில், பெண்கள் ஒரு மரத்துண்டில் ஒவ்வொரு கோட்டுக்கும் எத்தனை இழை என்று குறித்துவைத்து நெய்ததையும், ஒருவருடைய போர்வையைப் பார்த்தே அவருடைய ஊரை ஊகிக்க முடிந்ததையும் எழுதியிருக்கிறார். நல்ல சாட்சிதான். ஆனால் அவர் சொல்வது ஊரை, குலத்தை அல்ல. அக்கம்பக்கத்தில் கிடைக்கும் சாயச் செடிகள், ஒரே நெசவாளியின் கைப்பழக்கம் ஆகியவற்றால் ஒரு வட்டாரத்துத் துணி ஒரே சாயலில் இருந்திருக்கும். 1704இல் கிராண்ட் குலத்தலைவர் தம் ஆட்களைச் சிவப்பும் பச்சையுமான டார்ட்டன் அணிந்து வரச் சொன்னார் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். இதற்கு மறுமொழி அதே குடும்பத்தின் ஓவியங்களில் இருக்கிறது. அதற்குப் பின் ரிச்சர்ட் வெயிட் வரைந்த கிராண்ட் உறவினர்களும் பணியாட்களும் ஆளுக்கொரு கட்டத்தில் நிற்கிறார்கள். அப்படியானால் 1704இல் தலைவர் கேட்டது படைக்கு ஒரு சீருடை. அவருடைய சொந்த வீட்டுச் சுவரில்கூட அது குல அடையாளமாக நிலைக்கவில்லை. 1746 ஏப்ரல் 16 அன்று நடந்த கல்லோடன் போரை டேவிட் மோரியர் வரைந்த ஓவியத்தில் ஒரே ஆள் இரண்டு மூன்று வெவ்வேறு கட்டங்களைச் சேர்த்து உடுத்தியிருக்கிறார். அந்தக் களத்தில் ஒருவர், அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காகக் கிளர்ந்தெழுந்த யாக்கபைட் படையைச் சேர்ந்தவர் என்று காட்டியது தொப்பியில் குத்திய வெள்ளை ரிப்பன் முடிச்சு.

கல்லோடனில் யாக்கபைட் படை தோற்ற பிறகு வந்த சட்டம், ஹைலண்ட் எனப்படும் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்களின் உடையைத் தடைசெய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை கடல் கடந்து ஏழாண்டு நாடுகடத்தல். 1782இல் தடை நீங்கியபோது ஒரு தலைமுறைக்கு மேல் கழிந்துவிட்டது. அந்த இடைவெளியில் சட்டத்துக்கு உட்பட்டே கில்ட் அணிந்த ஆண்கள் அரசாங்கத்தின் ஹைலண்ட் படையினர். ஒரு பெயருக்குக் கீழ் எல்லோரும் ஒரே கட்டம் என்ற பழக்கம் வேரூன்றியது அந்தப் படைப்பிரிவுகளில்தான். பிளாக் வாட்ச் படையின் கரும்பச்சை-நீலக் கட்டத்தில் ஒரு மஞ்சள் கோட்டை ஓட்டி, ஹன்ட்லி ஊர் நெசவாளர் வில்லியம் ஃபோர்சைத் 1793இல் கார்டன் கோமகனுக்கு மாதிரி அனுப்பினார். கார்டன் படைக்கென்று உருவான அந்தத் துணியே கார்டன் குல டார்ட்டனாக இன்று அறியப்படுகிறது.

லண்டன் ஹைலண்ட் சங்கம் 1815இல் குலத்தலைவர்களுக்கு எழுதி, அவரவர் டார்ட்டனின் மாதிரியை முத்திரையிட்டு அனுப்பக் கேட்டது. இந்த வரலாற்றில் மிக முக்கியமான ஆவணங்கள் அப்போது வந்த பதில்கள். மெக்டானல்ட் பிரபு தம்முடைய டார்ட்டன் எது என்று தமக்கே தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உண்மையான ஒன்றைக் கண்டுபிடித்துத் தரும்படி சங்கத்தையே கேட்டுக்கொண்டார். ஸ்ட்ரூவன் பகுதியின் ராபர்ட்சன் தம் குலத்துக் கிழவர்களை விசாரித்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டத்தைச் சொன்னார்கள். மறந்துபோன மரபு என்றால் ஒரு துணுக்காவது பொதுவாக மிஞ்சியிருக்கும். இங்கே மிஞ்சவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியது பேனக்பர்னில் இருந்த வில்சன் குடும்பத்தின் நெசவாலை. அவர்களுடைய 1819ஆம் ஆண்டு மாதிரிப் புத்தகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள் உண்டு. பலவற்றுக்கு வெறும் எண் அல்லது ஊர்ப்பெயர். மெக்ஃபர்சன் குலத்துக்கு அவர்கள் கொடுத்த கட்டம், அதற்கு முன் கிட் என்பவரின் பெயரில் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளுக்கு உடுத்துவதற்காக அவர் மொத்தமாக வாங்கிய துணி அது. பெருமையோடு அந்தக் கட்டத்தை உடுத்துபவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அடிமைகளின் முதுகில் கிடந்த துணி என்பதும் அதன் பரம்பரையில் ஒரு பகுதி.

1822 ஆகஸ்டில் பிரிட்டன் அரசர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் ஏற்பாட்டில் நகரமே டார்ட்டன் போர்த்திக்கொண்டது. பேனக்பர்னுக்குத் தறி போதவில்லை. 1842இல் சோபியெஸ்கி ஸ்டூவர்ட் என்று தங்களை அழைத்துக்கொண்ட சகோதரர்கள், பழைய கையெழுத்துப் பிரதியை ஆதாரமாகக் காட்டி எழுபத்தைந்து டார்ட்டன்களின் தொகுப்பை வெளியிட்டார்கள். அந்தப் பிரதி போலி. ஆனால் அதிலிருந்த கட்டங்கள் பல இன்றும் கடைகளில் குல டார்ட்டன்களாக விற்கின்றன.

வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1983இல் வெளிவந்த கட்டுரையில் இவற்றையெல்லாம் அடுக்கி, ஹைலண்ட் மரபே ஒரு கட்டுமானம் என்று வாதிட்டார். குல டார்ட்டன் பற்றிய அவருடைய சான்றுகளை நான் ஏற்கிறேன். அவை இந்த வழக்கத்தை மதிப்பிழக்கச் செய்கின்றன என்ற தொனியை ஏற்க முடியவில்லை. ஒரு வழக்கம் எப்போது தொடங்கியது என்பது ஒரு கேள்வி. தொடங்கிய பின் மனிதர்கள் அதில் எதை வைத்தார்கள் என்பது வேறு கேள்வி. 1815இல் உண்மையான ஹைலண்டர்களுக்கென்று ஒரு சங்கம் கண்ட கிளென்கேரியின் மெக்டானெல், தம் குடிகளை நிலத்திலிருந்து வெளியேற்றிய நிலப்பிரபு. 1822 ஊர்வலத்துக்கு ஆட்களை அனுப்பிய சதர்லாந்து சீமாட்டியின் எஸ்டேட்டில், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு காலிசெய்யப்பட்டது. தலைவர்கள் துணிக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர்களுடைய பெயரைத் தாங்கிய ஏழைகள் ஆட்டுப் பண்ணைகளுக்கு வழிவிட்டுக் கப்பல் ஏறினார்கள். கனடாவில் பிறந்த அவர்களுடைய கொள்ளுப்பேரன் அந்தக் கட்டத்தைத் தேடி உடுத்தும்போது, நெசவாலையின் விளம்பரத்துக்கு மட்டும் அவன் மயங்கினான் என்று சொல்வது நியாயம் இல்லை. நிலம் போய், கேலிக் மொழி போய், மிஞ்சியது பெயர் ஒன்றுதான் என்ற நிலையில் அந்தப் பெயருக்கு ஒரு உருவம் தேடுகிறான்.

யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் பொருள் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். தடுக்கும் சட்டம் எதுவும் இல்லைதான். ஆல்பர்ட் இளவரசர் வடிவமைத்த பால்மொரல் கட்டத்தை அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிவைத்திருப்பதுகூட மரியாதையின் பேரில் நடப்பது. ஆனால் குலப்பெயரும் ஒருநாளும் இரத்தத்தை மட்டும் பின்பற்றியதில்லை. தலைவரின் நிலத்தில் வாழ்ந்த குடிகள் அவருடைய பெயரை ஏற்றார்கள். கொல்லன் என்று பொருள்படும் ஸ்மித் போன்ற தொழிற்பெயருக்கு ஒரே குலம் என்று சொல்லவே முடியாது. அதனால் தாய்வழிப் பெயரையோ, பாட்டி பிறந்த வட்டாரத்தையோ, தாத்தா இருந்த படைப்பிரிவையோ வைத்துத் தேர்ந்தெடுப்பவர் மரபை மீறுகிறார் என்று நான் கருதவில்லை. 2009 முதல் இயங்கும் ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேட்டில் புதுக் கட்டம் ஒன்றைச் சேர்க்க விரும்புபவர், அந்தப் பெயரோடு தமக்கு என்ன தொடர்பு என்பதைக் காட்ட வேண்டும். 1815இல் மெக்டானல்ட் பிரபுவிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. கட்டத்தின் மாதிரியை மட்டும்தான் கேட்டார்கள்.