ஷங்க்லியும் பெய்ஸ்லியும்: ஓர் ஒப்பீட்டின் உட்பொருள்

'கற்பிற் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா?' என்று பட்டிமன்றம் அமைத்து வாதிட்டுப் பழகிய நமக்கு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து உதைபந்தாட்ட இரசிகர்கள் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கொன்று அந்நியமாகத் தோன்றாது. 1959 முதல் 1974 வரை லிவர்பூல் கழகத்தின் முகாமையாளராயிருந்த பில் ஷங்க்லி பெரியவரா, அவருக்குப்பின் 1983 வரை அப்பதவியை வகித்த பொப் பெய்ஸ்லி பெரியவரா என்பதே அவ்வழக்கு. விளையாட்டுப் பிரியர்களின் வீண்வம்பு என இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், வரலாற்றை ஆக்குவோர் யாவர், ஆக்கப்பட்டதை உடைமையாகக் கொள்வோர் யாவர் என்னும் வினாக்கள் இவ்வம்பினுள்ளே பொதிந்துகிடக்கின்றன. அவ்வினாக்களை முன்னிறுத்தி இவ்வழக்கை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இரு கட்சியாரின் வாதங்களையும் கேட்போம். பெய்ஸ்லி கட்சியார் கணக்கேட்டை விரித்து வைப்பர். ஒன்பது பருவங்களில் ஆறு லீக் சம்பியன் பட்டங்கள். 1977, 1978, 1981 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஐரோப்பியக் கிண்ணங்கள். 1976இல் யுவேபா கிண்ணம். 1981 முதல் 1983 வரை தொடர்ச்சியாக மூன்று லீக் கிண்ணங்கள். ஐரோப்பியக் கிண்ணத்தை மும்முறை வென்ற முதல் முகாமையாளர் அவரே. ஷங்க்லி பதினைந்து ஆண்டுகளிற் பெற்றவையோ 1964, 1966, 1973 ஆகிய ஆண்டுகளின் லீக் பட்டங்கள் மூன்று, 1965, 1974 ஆகிய ஆண்டுகளின் உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணங்கள் இரண்டு, 1973ஆம் ஆண்டின் யுவேபா கிண்ணம் ஒன்று. எண்ணிக்கையே அளவுகோலாயின் வழக்கு இத்துடன் முடிந்துவிடும்.

ஷங்க்லி கட்சியார் இதற்குக் கூறும் மறுமொழியும் வலுவுடையதே. பெய்ஸ்லி ஏறி நின்ற மாடியைக் கட்டியவர் யார் என்று அவர்கள் கேட்பர். 1954இல் இரண்டாம் பிரிவுக்கு வீழ்ந்த கழகம் அங்கேயே தேங்கிக் கிடந்தது. 1959 ஜனவரியில் லீக்கிலேயே இடம்பெறாத வூஸ்ரர் சிற்றி அணியிடம் அது தோற்று வெளியேறிய அவலமும் உண்டு. அவ்வாண்டு டிசெம்பரில் வந்த ஷங்க்லி 1962இல் அதனை முதற் பிரிவுக்கு உயர்த்தினார். இரண்டே ஆண்டுகளிற் சம்பியனாக்கினார். அடித்தளம் இன்றி மாடி ஏது என்பது அவர்களது வாதம்.

இவ்விரு வாதங்களும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், அடிப்படையில் ஒரே கருதுகோளின்மீது நிற்பவை. கழகத்தின் வெற்றிக்குத் தனியொரு மனிதனே உரிமையாளன் என்பதே அக்கருதுகோள். 'யார் அந்த ஒருவர்?' என்பதில் மட்டுமே கட்சி பிரிகிறது. மன்னர்களின் பெயர்வரிசையை வரலாறென்று மாணவர்க்கு மனனஞ் செய்விக்கும் பழைய முறைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. வழக்கின் சான்றுகளை நாமே நேரில் ஆராய்ந்தால் வேறொரு சித்திரம் புலப்படும்.

ஷங்க்லி 1913இல் ஸ்கொட்லாந்தின் எயார்ஷயரிலுள்ள கிளென்பக் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்திற் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளைக் கொண்ட குடும்பம் அது. சகோதரர் ஐவரும் தொழில்முறை உதைபந்தாட்டக்காரர் ஆயினர். அச்சிற்றூர் ஏறக்குறைய ஐம்பது தொழில்முறை ஆட்டக்காரரை உலகுக்கு ஈந்தது என்பர். பள்ளியைவிட்டதும் சுரங்கத்தில் இறங்கிய ஷங்க்லி, சுரங்கம் மூடப்பட்டதும் வேலையிழந்தார். பெய்ஸ்லி 1919இல் இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்து ஹெற்றன் என்னும் சுரங்க ஊரிற் பிறந்தவர். சுரங்கத் தொழிலாளியின் மகன். மேசன் தொழில் பயின்றவர். இவர்கள் காலத்து வேறிரு பெரும் முகாமையாளரான மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்து மற் பஸ்பியும் கிளாஸ்கோ செல்றிக் கழகத்து ஜொக் ஸ்ரெயினும் சுரங்கங்களில் உழைத்தவர்களே. இது தற்செயலன்று. நிலத்தின் அடியிலே ஒருவன் உயிர் அடுத்தவன் கவனத்திலே தங்கியிருக்கின்றது. தூணைச் சரியாக நிறுத்தாதவன் தன்னை மட்டுமன்றித் தோழனையும் கொல்கிறான். அத்தகைய உழைப்பு ஊட்டிய ஒழுக்கத்தை இவர்கள் புற்றரைக்குக் கொண்டுவந்தனர். எல்லோரும் ஒரே இலக்குக்காக உழைத்து, பயனை எல்லோரும் பகிர்ந்துகொள்வதே தாம் நம்பும் சோசலிசம் என்று ஷங்க்லி வெளிப்படையாகவே கூறியவர்.

அக்கொள்கை அவரது தொழில்முறையிலும் காணப்பட்டது. புதிய முகாமையாளர் பதவியேற்றதும் பழைய பயிற்றுநர்களை நீக்கித் தம்மவரை நியமிப்பது வழக்கம். ஷங்க்லி அவ்வாறு செய்யவில்லை. பெய்ஸ்லி, ஜோ பேகன், ரூபன் பெனற் ஆகிய மூவரும் அங்கே ஏற்கெனவே பணியாற்றிக்கொண்டிருந்தனர். அவர்களை அவர் அப்படியே வைத்துக்கொண்டார். அன்பீல்ட் மைதானத்திலே ஆட்டக்காரரின் சப்பாத்துகளை வைக்கும் சிற்றறையொன்று இருந்தது. அங்கே பயிற்றுநர் கூடியிருந்து, ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒவ்வோர் ஆட்டக்காரனையும் பற்றி விவாதித்தனர். நாள்தோறும் நடந்த பயிற்சி, ஏற்பட்ட காயம், கண்ட பயன் யாவும் குறிப்பேடுகளிற் பதியப்பட்டன. 'பூட் றூம்' என்று பின்னர் புகழ்பெற்ற இச்சப்பாத்து அறையே லிவர்பூலின் உண்மையான முகாமையகம். பெய்ஸ்லிக்குப்பின் 1983இற் பதவியேற்ற பேகன், முதற் பருவத்திலேயே லீக் பட்டத்தையும் லீக் கிண்ணத்தையும் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றமை அவ்வறையின் கூட்டறிவுக்குச் சான்று.

இனிப் பெய்ஸ்லியை நோக்குவோம். அவர் ஷங்க்லியின் நிழலிலே தோன்றியவர் அல்லர். ஷங்க்லிக்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1939இல், அக்கழகத்திற் சேர்ந்தவர். போர்க்காலத்திற் பீரங்கிப் படையினராய் வட ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் பணியாற்றினார். 1947இற் கழகம் லீக் பட்டம் வென்றபோது அணியில் இருந்தார். 1950ஆம் ஆண்டுக் கிண்ணப் போட்டியின் அரையிறுதியில் எவர்ட்டனுக்கு எதிராகக் கோல் அடித்தும், இறுதியாட்டத்துக்கான அணியிலே அவருக்கு இடம் அளிக்கப்படவில்லை. 1954இல் ஆட்டத்தை விட்டபின் உடற்சிகிச்சை முறைகளைக் கற்றுப் பயிற்றுநரானார். ஆட்டக்காரன் நடக்கும் நடையிலேயே அவன் காயத்தைக் கண்டுகொள்வார் என்று அவருடன் பழகியோர் கூறுவர்.

இருவரின் பங்கும் எவ்வாறு பின்னிப் பிணைந்தது என்பதை இரண்டு இறுதியாட்டங்கள் காட்டும். 1977 மே மாதத்தில் ரோம் நகரில் ஜேர்மனியின் பொருஸ்யா மென்ஹென்கிளாட்பாக் அணியை 3-1 என வென்று லிவர்பூல் முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றது. அன்று ஆட்டத்தைத் தொடங்கிய பதினொருவரில் பெய்ஸ்லி வரவழைத்தவர் மூவரே: பில் நீல், ஜோயி ஜோன்ஸ், ரெறி மக்டேர்மொட். ஏனைய எண்மரும் ஷங்க்லியின் காலத்திலேயே கழகத்தில் இருந்தவர்கள். 1981 மே மாதத்தில் பாரிஸ் நகரில் ரியல் மட்றிட் அணியை 1-0 என வென்ற பதினொருவரிலோ ஷங்க்லி காலத்தவர் மூவரே எஞ்சினர்: ரே கிளெமென்ஸ், பில் தொம்ஸன், ரே கென்னடி. அம்மூவருள் கென்னடியை முன்வரிசை ஆட்டக்காரராக வாங்கியவர் ஷங்க்லி. நடுக்கள ஆட்டக்காரராக மாற்றி மேன்மையுறச் செய்தவர் பெய்ஸ்லி. அந்த ஒருவரின் ஆட்டத்தில் எவ்வளவு ஷங்க்லிக்குரியது, எவ்வளவு பெய்ஸ்லிக்குரியது என்று கூறுபோட வல்லார் யார்?

இதனால் தனிமனிதருக்கு வரலாற்றிற் பங்கில்லை என்று முடிவுகட்டுதல் மற்றொரு தவறாகும். இருவரின் இயல்பும் வேறு. அவ்வேறுபாட்டுக்கு விளைவும் உண்டு. ஷங்க்லி பேச்சினால் மனிதரை எழுப்பியவர். தம் ஆட்டக்காரர்மீது கொண்ட பற்று அவரது வலிமையாக இருந்தது, பலவீனமாகவும் இருந்தது. 1966க்கும் 1973க்கும் இடையில் கழகம் ஒரு பட்டமேனும் பெறவில்லை. 1970 பெப்ரவரியில் இரண்டாம் பிரிவு அணியான வாட்பர்ட்டிடம் தோற்ற பின்னரே, முதுமையுற்ற அணியைக் கலைத்துப் புதியதை அமைக்க அவர் துணிந்தார். பெய்ஸ்லியோ பேச்சுக்குத் தயங்குபவர். முகாமையாளர் பதவியையே விரும்பாது ஏற்றவர். ஆயின் அவர் கண் கூரியது. 1977இற் கெவின் கீகன் ஜேர்மனிக்குச் சென்றபோது 440,000 பவுண் கொடுத்து கென்னி டல்கிளீஷை வாங்கினார். எவருடைய பிரிவும் அணியைத் தாக்காதவாறு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் புதுப்பித்தார். கூட்டுழைப்பு என்னும் நெறியை நிறுவுவதற்கு ஒருவர் தேவைப்பட்டார். நிறுவியவர் நீங்கிய பின்னும் அந்நெறி நிலைக்கும் என மெய்ப்பிக்க இன்னொருவர் தேவைப்பட்டார்.

அவ்வாறாயின், கணக்கேட்டில் முந்திநிற்கும் பெய்ஸ்லியைவிட ஷங்க்லியின் பெயரே மக்கள் நாவில் மிகுதியாய் ஒலிப்பது ஏன்? விடையை நகரத்தின் வாழ்விலே தேடவேண்டும். அன்பீல்டின் 'கொப்' என்னும் மேடை, 1900இல் தென்னாபிரிக்காவின் ஸ்பியொன் கொப் குன்றிலே நிகழ்ந்த போரின் பெயரைத் தாங்கியது. ஆதிக்கப் போரொன்றில் மடிந்த சாதாரணச் சிப்பாய்களின் நினைவு அது. அம்மேடையில் நெருங்கி நின்றோர் துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும். ஷங்க்லி அவர்களுக்கு மேலிருந்து பேசவில்லை. அவர்களுள் ஒருவராகப் பேசினார். 1973இல் பட்டத்துடன் மைதானத்தை வலம்வந்தபோது, அவர்முன் வீசப்பட்ட கழுத்துத் துணியொன்றைக் காவலர் ஒருவர் காலால் ஒதுக்கினார். ஷங்க்லி அதனை எடுத்துத் தம் கழுத்தில் அணிந்து, இது ஒருவனுடைய உயிராக இருக்கலாம் என்று காவலரைக் கடிந்தார். பெய்ஸ்லியின் காலமோ வேறு. கொள்கலன் முறை வந்ததால் துறைமுக வேலை அருகியது. 1972இல் தென்புறத் துறைகள் மூடப்பட்டன. 1981இற் சீனி ஆலையும் மூடப்பட்டது. பாரிஸ் வெற்றி கிட்டிய இரண்டே மாதங்களில், வேலையின்மையும் பொலிசாரின் கெடுபிடியும் மூட்டிய தீயாற் ரொக்ஸ்ரெத் பகுதி எரிந்தது. கிண்ணங்கள் மிகுந்த காலமும் நகரம் நொடிந்த காலமும் ஒன்றே. அக்கிண்ணங்கள் மக்களுக்கு ஆறுதலளித்தன, வேலையளிக்கவில்லை.

இரு கட்சியாரும் பேச மறக்கும் செய்தி ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். அடிமை வாணிகத்தாற் கொழுத்த லிவர்பூல், இங்கிலாந்தின் மிகப் பழைய கறுப்பின மக்கட் சமூகங்களுள் ஒன்றைக் கொண்டது. எனினும் அக்கழகத்தின் முதலணியிற் கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலாக ஆடியது 1980 ஒக்டோபரிலேயே. ரொக்ஸ்ரெத்திற் பிறந்த ஹொவார்ட் கெய்லே அவர். மக்களின் கழகம் என்று கூறப்பட்டபோது, அம்மக்களுள் எவர் எண்ணப்பட்டனர், எவர் விடுபட்டனர் என்பதும் வரலாற்றின் வினாவே. தோழமை பற்றிய பேச்சு எத்துணை உண்மையானதாயினும், அதன் எல்லையையும் அளந்தாக வேண்டும்.

தோழமையின் மற்றோர் எல்லை உடைமையிலே இருந்தது. கழகத்தை 1892இல் நிறுவிய ஜோன் ஹௌல்டிங் ஒரு மதுவடிசாலை முதலாளி. தொடக்கம் முதலே அது பங்குதாரருக்குரிய கம்பனி. 1974 ஜூலையில் ஷங்க்லி பதவி விலகினார். விரைவிலேயே அம்முடிவுக்கு வருந்தினார். மெல்வுட் பயிற்சித் திடலுக்கு அவர் நாள்தோறும் வரலானார். ஆட்டக்காரர் பழக்கத்தால் அவரையே தலைவர் என்று அழைத்தனர். புதியவரின் அதிகாரத்துக்கு இது இடையூறென்று கருதப்பட்டது. அவரது வருகை விரும்பப்படவில்லை என்பது அவருக்கு உணர்த்தப்பட்டது. பணிப்பாளர் சபையில் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. 1981 செப்டெம்பரில் அவர் மறைந்தார். இதற்குப் பெய்ஸ்லியைப் பழிப்பதும் ஷங்க்லியின் பிடிவாதத்தைப் பழிப்பதும் இரசிகரின் வழக்கம். ஆனால், பதினைந்தாண்டு உழைப்பால் ஒருவன் ஆக்கிய நிறுவனத்திற் பதவி நீங்கிய மறுநாளே அவனுக்கு எவ்வுரிமையும் இல்லாதொழியும் முறைமையை எவரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில்லை. ஆலையிலே ஆயுளைக் கழித்து ஓய்வுபெறும் தொழிலாளியின் கதையும் இதுவே.

இன்று அன்பீல்டின் வெளியே இருவருக்கும் சிலைகள் உள்ளன. கைகளை விரித்து நிற்கும் ஷங்க்லியின் சிலை 1997இல் கழகத்தின் அனுசரணையாளரான பியர் கம்பனி அளித்தது. 2020இல் நிறுவப்பட்ட பெய்ஸ்லியின் சிலை, அனுசரணை வழங்கும் வங்கியின் அன்பளிப்பு. அச்சிலையில் அவர் கிண்ணம் ஏந்தி நிற்கவில்லை. 1968இற் பயிற்றுநராயிருந்தபோது, காயமுற்ற எம்லின் ஹியூஸைத் தோளிற் சுமந்துசென்ற காட்சியே வடிக்கப்பட்டுள்ளது. கொடுத்தவர் யாராயினும் சிலை உண்மை பேசுகிறது.

சிலையினும் உயிருள்ள நினைவுச் சின்னமொன்றை இரசிகர் தாமே நிறுவினர். கழகத்தைக் கடன் வாங்கிக் கைப்பற்றிய அமெரிக்க முதலாளிகள் இருவரை எதிர்த்து 2008இல் அவர்கள் அமைத்த இரசிகர் தொழிற்சங்கத்துக்கு 'ஸ்பிரிட் ஒவ் ஷங்க்லி', அதாவது ஷங்க்லியின் உணர்வு, என்று பெயரிட்டனர். 2010இல் அம்முதலாளிகள் வெளியேற நேர்ந்தது. அடுத்து வந்தவர்கள் 2016இல் நுழைவுச் சீட்டின் உச்ச விலையை 77 பவுணாக உயர்த்தப்போவதாக அறிவித்தபோது, ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறக்குறையப் பதினாயிரம் பேர் எழுந்து வெளிநடந்தனர். சில நாட்களில் முதலாளிகள் அவ்விலையைக் கைவிட்டு மன்னிப்பும் கோரினர். அன்று வெளிநடந்தோருள் ஷங்க்லி கட்சியாரும் இருந்திருப்பர். பெய்ஸ்லி கட்சியாரும் இருந்திருப்பர். எவர் பெரியவர் என்று அப்போது எவரும் வாதிட்டிருக்க மாட்டார்கள்.

பட்டிமன்றத் தீர்ப்பு கேட்போருக்கு நாம் கூறக்கூடியது இதுவே: பெய்ஸ்லி வென்ற கிண்ணங்கள் கழகத்தின் கண்ணாடிப் பேழையிலே உள்ளன; பேழையின் திறப்பு முதலாளியிடம் உள்ளது. ஷங்க்லியும் பெய்ஸ்லியும் சப்பாத்து அறையின் தோழர்களும் சேர்ந்து நடைமுறையிற் காட்டிய கூட்டுழைப்பு நெறியோ எவர் பேழையிலும் அடங்காது. அதனைக் கற்றுக்கொண்டவர்கள் ஒரு மாலைப்பொழுது தம் இருக்கைகளைவிட்டு எழுந்தார்கள், முதலாளிகள் இறங்கிவந்தார்கள்.