பழிகரப்பும் நாஞ்சில் நாட்டு மான்மியமும்

புகழ்வார்போன்று இகழ்தலும், இகழ்வார்போன்று புகழ்தலும் பண்டே புலவரால் ஆராயப்பட்ட சொற்றிறங்களாம். வடநூலார் இவ்விரண்டனையும் வியாஜஸ்துதி என்பர், வியாஜமாவது பொய்க்காரணம். தண்டியலங்காரம் இவற்றை இலேச அணியுள் அடக்குவாரும் உளர் என்னும். பிற்காலத்தார் வஞ்சப்புகழ்ச்சி என வழங்கினர். இவற்றினும் தொன்மையது தொல்காப்பியச் செய்யுளியலிற் காணும் பழிகரப்பு என்னுஞ் சொல். வசையை வெளிப்படக் கூறுவது செம்பொருள் அங்கதம். மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம்.

தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்றுப் பீலி சூடி விளங்குதலை வியந்து, அதியமான் வேல்களோ கொல்லன் உலைக்களத்துக் கிடக்கின்றன என்றார். போர் காணாத படை என்பதே அப்புகழின் உட்கிடை. இது புறநானூற்று 95-ஆம் பாட்டின் பொருள்.

இம்மரபு நாஞ்சில் நாட்டில் ஒரு பெருந்துயரைத் துடைக்கப் பயன்பட்டது. அந்நாட்டு வேளாளருள் மருமக்கள்வழியினர்பால் ஒருவன் சொத்து அவன் உடன்பிறந்தாள் மக்களைச் சார்ந்தது. அவன் சொந்த மக்களுக்கு நான்கிலொரு பங்கின் மேற்படாத உகந்துடைமை ஒன்றே வாய்ப்பதாயிற்று. உகந்து அளிக்கும் உடைமை என்பது அதன் பொருள். இனிய பெயரே; ஆயினும் கணவனை இழந்தாளும் அவள் மக்களும் எஞ்சிய முக்காற் பங்கிற்குப் புறம்பாயினர்.

தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இவ்வழக்கைச் சாடி, 1917-18-ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' இதழில் ஒரு நூலை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. மாஹாத்மியம் என்னும் வடசொல்லே மான்மியமாயிற்று. தலங்களின் மேன்மையையும் அவற்றை வழிபட்டார் எய்திய பேற்றையும் உரைப்பன மான்மியங்கள். ஈண்டோ, பெயரளவில் மேன்மை பெற்றது ஒரு குடும்ப வழக்கு; உள்ளே பேசுபவள் ஒருவனுக்கு ஐந்தாம் மனைவியாய்ப் புகுந்து அல்லலுற்ற பெண். பேறு உரைக்க வேண்டிய இடத்து அவள் பட்ட பாடே உரைக்கப்படுகின்றது. தலைப்பு ஒன்றே பழிகரப்பாய் நின்று, நூல் முழுதுக்கும் நகைச்சுவை தந்தது.

1926-ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறி, மக்கள்வழி உரிமைக்கு இடந்தந்தது. அதற்கு முன்பே மக்கள் மனத்தை அதன்பாற் சாய்த்தவற்றுள் இந்நூலும் ஒன்று.

மணிவாசகரின் திருச்சாழலில் ஒருத்தி இறைவன் கோலத்தை எள்ளி வினவ, மற்றொருத்தி அதன் உண்மை கூறி விடையிறுப்பாள். ஆண்டு இகழ்ச்சி புறம், அன்பு அகம். மான்மியத்திலோ புகழ்ச்சி புறம், பழி அகம். அப்பழியும் வழக்கின்மேற் செல்வதன்றி, அதனுட் சிக்கிய மாந்தர்மேற் செல்வதன்று. அவர்பால் எழுந்த இரக்கமே அதன் வித்து. ஆகலின், கரந்த சொல்லின் தகுதியை அளக்கவேண்டுவது அதன் கூர்மையால் அன்று. அது யார்பொருட்டுக் கரக்கப்பட்டது என்பதனாலேயாம்.