உடற்பயிற்சிப் பழக்க மாற்றம்: உளவியல் மாதிரிகள்

உடற்பயிற்சி நல்லது என்று அறிந்தவரும் அதைத் தொடங்காமல் இருப்பது ஏன், தொடங்கியவர் பாதியில் விடுவது ஏன் என்று விளக்க முயலும் கோட்பாடுகள் இவை. இவற்றுள் பல உடற்பயிற்சிக்கென்று பிறந்தவை அல்ல. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே எடுத்தபோது, மக்கள் பலர் வரவில்லை. அந்தப் புதிரிலிருந்து எழுந்தது உடல்நல நம்பிக்கை மாதிரி. நோய் தனக்கும் வரும், வந்தால் ஆபத்து என்று நம்புபவரே முன்வருவார் என்றது அது. ஆனால் உடற்பயிற்சி விஷயத்தில் இருபது வயதினரிடம் இந்த அச்சம் எளிதில் எடுபடாது. மாரடைப்பை அவர்கள் அப்பா வயதுக்காரர்களின் நோயாகவே பார்க்கிறார்கள்.

1977இல் ஆல்பர்ட் பண்டூரா, 'என்னால் முடியும்' என்ற தன்திறன் நம்பிக்கையை முன்வைத்தார். 1983இல் ஜேம்ஸ் புரோசாஸ்காவும் கார்லோ டிகிளெமென்டேயும், புகைப்பழக்கத்தைத் தாமாகவே விட முயன்றோரை ஆராய்ந்து, மாற்றம் படிப்படியாக நிகழ்கிறது என்றனர். இந்தப் படிநிலைகளை 1992இல் பெஸ் மார்க்கஸும் உடனாய்வாளர்களும் தன்திறன் நம்பிக்கையோடு சேர்த்து உடற்பயிற்சிக்குப் பொருத்திப் பார்த்தனர். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையிலான கோடு செயற்கையானது என்று ராபர்ட் வெஸ்ட் 2005இல் கடுமையாக மறுத்தார். ஐசெக் அய்சன் 1985இல் வகுத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு, செயலுக்கு மிக அருகில் இருப்பது நோக்கமே என்றது. ஆனால் நோக்கம் இருந்தும் செய்யாதவர்கள்தாம் ஏராளம்.

இந்த இடைவெளியைத் தெளிவாகக் காட்டியது, 2002இல் வெளியான மில்ன், ஆர்பெல், ஷீரன் ஆகியோரின் ஆய்வு. 248 கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு இதயநோய் பற்றிய துண்டறிக்கை தரப்பட்டது. அவர்களது நோக்கம் வலுத்தது. ஆனால் அடுத்த வாரம் ஒருமுறையேனும் 20 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்கள் 35 விழுக்காடுதான். துண்டறிக்கை பெறாத பிரிவிலோ 38 விழுக்காடு. துண்டறிக்கையோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே செய்வோம் என்றும் எழுதிக்கொண்ட பிரிவில் அது 91 விழுக்காட்டை எட்டியது. பீட்டர் கோல்விட்சரின் செயலாக்கத் திட்டம் என்ற கருத்தே இதன் அடிப்படை. ஒரே வாரக் கணக்கு, மாணவர்கள் தாமே சொன்ன விவரம் என்பதை மறக்கலாகாது. ஆயினும் அறிவுரையைவிட நாட்குறிப்பு வலியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அந்த ஒரு வார முயற்சி பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகும்? லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010இல் முடிவை வெளியிட்டனர். இடைநிலை மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது; 12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணக்கிட்டுப் பெற்ற மதிப்பீடுகள். நடுவே ஒரு நாள் தவறினாலும் பழக்கம் உருவாவது பெரிதாகத் தடைபடவில்லை.