ஐ.நா. தீர்மானம் 3379

யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தனி நாடு வேண்டும் என்ற சியோனிசம் இனவெறியின், இனப்பாகுபாட்டின் ஒரு வடிவம் என்று அறிவித்து ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1975 நவம்பர் 10 அன்று நிறைவேற்றிய தீர்மானம். 72 நாடுகள் ஆதரித்தன, 35 எதிர்த்தன, 32 நடுநிலை வகித்தன. 1991இல் இது ரத்து செய்யப்பட்டது. பாலஸ்தீனச் சிக்கலில் உலக நாடுகளின் நிலைப்பாடு குறித்து யூதர்களிடையே நடக்கும் விவாதத்தில் இன்றும் இது அடிபடுகிறது.

பின்னணி

1967 போரில் இஸ்ரேல் மேற்குக் கரையையும் காஸாவையும் கைப்பற்றியதும் சோவியத் ஒன்றியம் அதனுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. 1973 போரையொட்டி ஆப்பிரிக்க நாடுகளில் பெரும்பாலானவையும் விலகின. 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர் யாசர் அராஃபத் பொதுச்சபையில் உரையாற்றினார். அந்த இயக்கம் ஐ.நா.வில் பார்வையாளர் தகுதி பெற்றது. மறு ஆண்டு அரபு நாடுகள் கொண்டுவந்த இத்தீர்மானத்துக்குச் சோவியத் அணியும் அணிசேரா நாடுகள் பலவும் துணை நின்றன. இந்தியாவும் இலங்கையும் ஆதரித்து வாக்களித்தன. யூதர் எவரும் குடியேற உரிமை தரும் அரசு, 1948இல் வெளியேறிய பாலஸ்தீனர் திரும்பிவர அனுமதி மறுப்பது பாகுபாடே என்பது ஆதரவாளர்களின் வாதம். குவைத் குழுவில் இருந்த ஃபாயெஸ் சாயெக் அதை விரிவாக முன்வைத்தார்.

யூதர்களின் எதிர்வினை

நாஜிகள் ஜெர்மனியின் ஜெபஆலயங்களைக் கொளுத்திய 1938 நவம்பர் வன்முறையின் ஆண்டு நிறைவு நாளில் வாக்கெடுப்பு நடப்பதை இஸ்ரேல் தூதர் ஹயிம் ஹெர்சோக் பொதுச்சபையில் சுட்டிக்காட்டினார். பேசி முடித்ததும் தீர்மானத்தின் படியை மேடையிலேயே கிழித்தார். பாலஸ்தீனத்துக்கு யூதர் குடியேறுவதைக் கட்டுப்படுத்திய பிரிட்டனின் 1939 வெள்ளை அறிக்கையை அவருடைய தந்தை, தலைமை ரபி ஐசக் ஹெர்சோக், இதேபோல் கிழித்திருந்தார். ஹைஃபாவில் ஐ.நா. பெயரைத் தாங்கிய சாலைக்குச் சியோனிசத்தின் பெயர் சூட்டப்பட்டது. மெக்சிகோ ஆதரித்து வாக்களித்ததால் அமெரிக்க யூதர்கள் அந்நாட்டுச் சுற்றுலாவைப் புறக்கணித்தனர். சமாதானப்படுத்த இஸ்ரேல் சென்ற வெளியுறவு அமைச்சர் எமிலியோ ரபாசா டிசம்பரில் பதவி விலகினார்.

ஆயினும் யூதர்கள் அனைவரும் சியோனிசத்தை ஏற்றவர்கள் அல்லர். மெசியா வருமுன் யூத அரசு அமைப்பது மதத்துக்கு முரண் என்பது தீவிர மரபுவழி யூதப் பிரிவினரான சத்மார் ஹசிதியரின் கொள்கை. அமெரிக்காவில் 1973இல் தோன்றிய பிரெய்ரா அமைப்போ இஸ்ரேலை ஏற்றுக்கொண்டே, பாலஸ்தீனருடன் பேச வேண்டும் என்றது.

ரத்தும் அதன் பின்னும்

அரபு-இஸ்ரேல் பேச்சுவார்த்தைக்கான மாட்ரிட் அமைதி மாநாட்டில் கலந்துகொள்ள இத்தீர்மானம் நீங்க வேண்டும் என இஸ்ரேல் வலியுறுத்தியது. சோவியத் அணி கலைந்துவிட்ட நிலையில், 1991 டிசம்பர் 16 அன்று 46/86ஆம் தீர்மானம் அதை ரத்து செய்தது. ஆதரவு 111, எதிர்ப்பு 25, நடுநிலை 13. இம்முறை இந்தியா ரத்தை ஆதரித்தது, இலங்கை எதிர்த்தது. அடுத்த மாதமே இந்தியா இஸ்ரேலுடன் முழு தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டது.

2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டின் வரைவில் இதே குற்றச்சாட்டு தலைதூக்கவே, இஸ்ரேலும் அமெரிக்காவும் வெளியேறின. இறுதி அறிக்கையில் அது இடம்பெறவில்லை. பின்னர் விவாதம் யூத வெறுப்பை வரையறுப்பதற்கு நகர்ந்தது. சர்வதேச யூதப் படுகொலை நினைவுக் கூட்டணி 2016இல் ஏற்ற வரையறை, இஸ்ரேல் என்ற அரசின் இருப்பே இனவெறி முயற்சி எனக் கூறுவதை யூத வெறுப்புக்கு ஓர் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது. யூத அறிஞர்கள் பலரும் கையொப்பமிட்ட 2021 ஜெருசலேம் பிரகடனமோ, சியோனிசத்தை எதிர்ப்பது தன்னளவில் யூத வெறுப்பு ஆகாது என்கிறது.