ஆறு புள்ளிகள், ஒரு வளைகோடு

1/ ஆறே புள்ளிகளை வச்சு வரைந்த ஒரு கோடு, அரசாங்கங்களின் கொள்கையையே மாத்தின கதை தெரியுமா?

2/ லண்டன், 1958. எலக்ட்ரிக்கல் இன்ஜினியராக இருந்து பொருளாதாரத்துக்கு வந்த நியூசிலாந்துக்காரர் பில் பிலிப்ஸ். பிரிட்டனின் 1861–1913 வேலையின்மை, கூலிக் கணக்குகளை எடுத்து, 53 வருஷத்தையும் 6 சராசரிப் புள்ளிகளாகச் சுருக்கினார்.

3/ நேர்கோடு பொருந்தல. 4 புள்ளிகளுக்கு முறையான கணக்குப் போட்டார். மீதி 2 புள்ளிக்கும் கோடு நெருங்கி வர, ஒரு எண்ணை மட்டும் மாத்தி மாத்திப் பார்த்தார்.

4/ விடை: வேலையின்மை 1% என்றால் கூலி வருஷத்துக்குச் சுமார் 8.7% ஏறும். 5.5% என்றால் ஏறவே ஏறாது.

5/ கூலி ஏறினா விலையும் ஏறும். "கொஞ்சம் விலைவாசி ஏறட்டும், வேலை கிடைக்கும்"னு இதை மெனு கார்டு மாதிரி படிச்சாங்க.

6/ 1967-68ல் ஃபெல்ப்ஸும் ஃப்ரீட்மனும் எச்சரித்தார்கள்: விலை ஏறும்னு தெரிஞ்சா மக்கள் முன்கூட்டியே கூலி கூட்டிக் கேப்பாங்க, கோடே நகர்ந்துடும். 1975ல் பிரிட்டனில் விலைவாசி 24% ஏறியது, வேலையின்மையும் கூடியது.

7/ ஆன்டிபயாட்டிக் கதையும் இதேதான். நேத்து கேட்ட மருந்தை அள்ளிக் கொடுத்தா, கிருமி தன்னை மாத்திக்கும். இனி யாராவது வரைபடம் காட்டினா, எந்தக் காலத்துக் கணக்குன்னு கேளுங்க.